கடன் கணக்கு அழிந்த நாள்: கணினி வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

பெருநாள் நெருங்கினால் ஹாட்வெயார் கடைக்காரனுக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பதில்லை. வீட்டுக்கு வீடு பெயின்ட் அடிப்பார்கள், உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவார்கள், ஒழுகும் குழாயை மாற்றுவார்கள். 2018ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரமும் அப்படித்தான் இருந்தது. பில் போடும் மேசையைச் சுற்றி ஆட்கள் நிற்க, எனது கணினியோ ஒரு பில்லைத் திறக்க இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது.

மேசையில் இருந்தவன் எனது சகோதரியின் மகன். உயர்தரம் முடித்துவிட்டுக் கடைக்கு உதவியாக வந்திருந்தான். கணினி ஆமை வேகத்தில் நகர்வதைப் பார்த்து, டிஸ்க் நிறைந்துவிட்டது என்று முடிவு செய்திருக்கிறான். பகல் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பிய என்னிடம் சந்தோஷமாகச் சொன்னான்:

"மாமா, பழைய சாமானெல்லாம் அழிச்சிட்டன். இனி நல்லா ஓடும்."

"எதையடா அழிச்ச?"

"பழையது எண்டு ஒரு போல்டர் இருந்திச்சே, அதைத்தான்."

எனக்குக் கால் நடுங்கிவிட்டது. 'பழையது' என்று பெயர் வைத்தவன் நான்தான். ஆனால் அதற்குள்ளேதான் அன்றாடம் எழுதிவந்த கடன் கணக்கும் இருந்தது. 163 பேரின் நிலுவை, எல்லாமாக 38 இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட. அவன் வெறுமனே டிலீட் பொத்தானை அழுத்தவில்லை, ஷிப்ட் பொத்தானையும் சேர்த்து அழுத்தியிருந்தான். அப்படி அழித்தால் கோப்பு ரீசைக்கிள் பின்னுக்கே போகாது.

அவனை ஏசினேன். பிறகு ஆறஅமர யோசித்தபோது, அவன் செய்த பிழை ஒன்று, நான் செய்த பிழைகள் நான்கு என்று விளங்கியது. அந்தப் பிழைகளைத்தான் இந்த வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். நான் கணினிப் பொறியியலாளன் அல்ல, உங்களைப் போல ஒரு வியாபாரி. நட்டப்பட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

அழிக்கும்போது என்ன நடக்கிறது?

நமது களஞ்சியத்தை நினைத்துப் பாருங்கள். எந்த இறாக்கையில் என்ன சாமான் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஒருநாள் அந்தக் கொப்பியில் ஒரு வரியை வெட்டிவிட்டு, 'இந்த இறாக்கை காலி' என்று எழுதுகிறீர்கள். ஆனால் சாமானை யாரும் எடுக்கவில்லை. அது அதே இடத்தில்தான் இருக்கிறது. அடுத்த லொறி வந்து, காலி என்று எழுதப்பட்ட இறாக்கையில் புதுச் சாமானை இறக்கும்போதுதான் பழையது உண்மையில் இல்லாமல் போகிறது.

வழமையான ஹார்ட் டிஸ்க்கில் நடப்பதும் இதுதான். ஒரு கோப்பை நீங்கள் அழித்தால், அந்தக் கோப்பு இருந்த இடம் காலி என்று விண்டோஸ் தனது பட்டியலில் குறித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் எழுத்துக்களும் இலக்கங்களும் உடனே அழிவதில்லை. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அவை அப்படியே கிடக்கும். அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருட்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. காலி என்று குறிக்கப்பட்ட இறாக்கைகளில் இன்னும் சாமான் கிடக்கிறதா என்று பார்க்கின்றன, அவ்வளவுதான்.

ஆகவே, கோப்பு அழிந்துவிட்டது என்று தெரிந்த நிமிடத்திலிருந்து ஒரேயொரு கேள்விதான் முக்கியம். அந்த இடத்தில் புதிதாக எதுவும் எழுதப்படாமல் தடுத்தோமா, இல்லையா?

நான் தடுக்கவில்லை. பதற்றத்தில் அதே கணினியில் இணையத்துக்குப் போனேன். கோப்பு மீட்கும் மென்பொருள் ஒன்றை அதே டிஸ்க்குக்கு டவுன்லோட் செய்தேன், அதிலேயே நிறுவினேன். கிடைத்த கோப்புகளையும் அதே டிஸ்க்கில் சேமித்தேன். மூன்று முறை என் கையாலேயே புதுச் சாமானைப் பழைய இறாக்கையில் இறக்கியிருக்கிறேன்.

அதைவிடக் கொடுமை, எனக்குத் தெரியாமல் நடந்த ஒன்று. அடுத்த நாள் கணினி திருத்தும் தம்பி ஒருவர் வந்து பார்த்தபோதுதான் அது வெளிப்பட்டது. படங்களை டவுன்லோட் செய்யும் டொரண்ட் புரோகிராம் ஒன்று யாரோ நிறுவியபடி பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு திரையைப் பார்த்திருந்த அந்த இரண்டு மணி நேரமும், அது ஒரு சினிமாப் படத்தை டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. கணினி மெதுவானதற்கும் பெரும் காரணம் அதுதான். டிஸ்க் நிறையவே இல்லை.

இந்த இரண்டையும் நாம் வேறுவேறு விடயங்களாக நினைக்கிறோம். அழிந்த கோப்பு ஒரு பிரச்சினை, மெதுவான கணினி இன்னொரு பிரச்சினை என்று. எனது கடையில் இரண்டும் ஒரே கதையாக இருந்தது. வேண்டாத புரோகிராம் கணினியை மெதுவாக்கியது. மெதுவானதால் மருமகன் அழித்தான். அழித்ததை மீட்க விடாமல் அதே புரோகிராம் அதன் மேல் எழுதியது.

முதல் ஐந்து நிமிடம்

கோப்பு அழிந்ததும் செய்ய வேண்டியவை:

1. கையை எடுங்கள். அந்தக் கணினியில் புதிதாக எதையும் சேமிக்கவோ, டவுன்லோட் செய்யவோ, நிறுவவோ வேண்டாம்.

2. இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பின்னணியில் இறங்கிக்கொண்டிருப்பவை நிற்கும்.

3. ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். கோப்பு அங்கே இருந்தால் அதன்மீது வலது பொத்தானை அழுத்தி 'ரீஸ்டோர்' கொடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பலருடைய பிரச்சினை இதோடு முடிந்துவிடும்.

4. அங்கே இல்லை, கோப்போ பெறுமதியானது என்றால் கணினியை அணைத்துவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ், நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் டிஸ்க்கில் எதையாவது எழுதிக்கொண்டேயிருக்கும்.

பென் டிரைவிலிருந்து அழித்தவை பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்கு வருவதில்லை என்பதை நினைவில் வையுங்கள். பென் டிரைவில் அழிந்தால் உடனே கழற்றி ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். அடுத்த கோப்பை அதில் ஏற்றாதீர்கள்.

இந்த முதல் ஐந்து நிமிடத்தின் பெறுமதியைப் பெரிய கம்பனிகளும் அனுபவித்து அறிந்திருக்கின்றன. 1998இல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் 'டோய் ஸ்டோரி 2' என்ற கார்ட்டூன் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் தவறுதலாகக் கொடுத்த அழிக்கும் கட்டளையால் படத்தின் கோப்புகள் கண்முன்னே ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உடனே தொலைபேசி எடுத்து, இயந்திரத்தின் மின்வயரைப் பிடுங்கச் சொன்னார்கள். அப்படியும் படத்தின் மிகப் பெரும் பகுதி போய்விட்டது. அதை எப்படி மீட்டார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கே தேடுவது?

மீட்கும் மென்பொருளுக்கு ஓடுமுன், வேறு இடங்களில் பிரதி இருக்கிறதா என்று வேறொரு கணினியிலோ தொலைபேசியிலோ பாருங்கள். கணக்காளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினீர்களா? வட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பினீர்களா? கூகுள் டிரைவ் அல்லது வன்டிரைவில் இருந்த கோப்பு என்றால், அழித்தவை அவற்றின் குப்பைத்தொட்டியில் 30 நாட்கள் வரை இருக்கும். இணையத்தில் உங்கள் கணக்கைத் திறந்து அங்கிருந்து மீட்கலாம்.

எக்செல்லில் சேமிக்காமல் மூடிவிட்ட கோப்பு என்றால் வழி வேறு. 'பைல்' பட்டியலில் 'இன்ஃபோ' பகுதிக்குப் போனால், சேமிக்காத கோப்புகளை மீட்பதற்கான தெரிவு ஒன்று இருக்கும். மின்சாரம் போய் அணைந்த கணினியில் இது பல தடவை எனக்குக் கைகொடுத்திருக்கிறது. விண்டோஸில் 'பைல் ஹிஸ்டரி' என்ற வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்திருந்தால், கோப்புறையின் மீது வலது பொத்தானை அழுத்திப் பழைய பிரதிகளைக் காணலாம். முன்கூட்டியே இயக்காதவர்களுக்கு அது உதவாது. நானும் இயக்கியிருக்கவில்லை. எனது நான்கு பிழைகளில் அதுவும் ஒன்று.

இவை எதுவும் சரிவரவில்லை என்றால்தான் மீட்கும் மென்பொருள். இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. 'ரெகுவா' பாவிக்க இலகுவானது. 'போட்டோரெக்' சக்தி மிக்கது, ஆனால் மீட்ட கோப்புகளுக்குப் பழைய பெயர் இருக்காது. விண்டோஸ் 10இன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மைக்ரோசொப்ட் நிறுவனமே 'விண்டோஸ் பைல் ரிக்கவரி' என்ற ஒன்றை இலவசமாகத் தருகிறது. அதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதால் விடயம் தெரிந்த ஒருவரின் உதவி தேவை.

எதைப் பாவித்தாலும் சட்டம் ஒன்றுதான். மென்பொருளும் அழிந்த டிஸ்க்கில் ஏறக்கூடாது, மீட்ட கோப்பும் அதே டிஸ்க்கில் இறங்கக்கூடாது. மிகப் பாதுகாப்பான முறை, டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் இணைத்து, அங்கிருந்து தேடி, அங்கேயே சேமிப்பது. கணினி திருத்துபவரிடம் கொடுக்கும்போது இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்' என்று அவர் தொடங்கினால், 'முதலில் கோப்பு, பிறகு விண்டோஸ்' என்று நிறுத்துங்கள்.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் எந்த மென்பொருளும் போட்டுப் பார்க்க வேண்டாம். அது இயந்திரக் கோளாறு. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடும். அணைத்துவிட்டு, தரவு மீட்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான்.

புதிய கணினி வாங்கியவர்கள் கவனத்திற்கு

மேலே சொன்ன களஞ்சியக் கதை பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பொருந்தும். இப்போது விற்பனைக்கு வரும் கணினிகள் பெரும்பாலானவற்றில் எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்தான் இருக்கிறது. வேகம் அதிகம், சத்தமும் இல்லை. ஆனால் கோப்பை அழித்தால் கதை வேறு.

எஸ்.எஸ்.டி.யில் 'ட்ரிம்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு கோப்பு அழிக்கப்பட்டதும், அந்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடும். டிஸ்க் தனக்கு ஓய்வு கிடைக்கும்போது அந்த இடத்தைத் துடைத்துச் சுத்தமாக்கி வைத்துக்கொள்ளும். களஞ்சியத்தில் கெட்டிக்கார வேலையாள் ஒருவன் இருப்பது போல. நீங்கள் கொப்பியில் காலி என்று எழுதிய உடனே, அவன் இறாக்கையைக் கழுவித் துடைத்துவிடுகிறான். பிறகு ரெகுவாவும் இல்லை, போட்டோரெக்கும் இல்லை. ஷிப்ட் டிலீட் கொடுத்தால் அநேகமாகப் போனது போனதுதான்.

ஆகவே, 'அழிந்தால் மீட்டுக்கொள்ளலாம்' என்ற பழைய நம்பிக்கை புதிய கணினியில் செல்லாது. அங்கே பிரதி ஒன்றுதான் பாதுகாப்பு.

கூப்பிடாமல் வந்த வேலையாட்கள்

இனிப் பின்னணியில் ஓடும் புரோகிராம்களுக்கு வருவோம். கடையைக் காலையில் திறக்கும்போது, நீங்கள் சம்பளத்துக்கு வைத்த நான்கு பேரோடு, யாரென்றே தெரியாத ஒன்பது பேரும் உள்ளே வந்து உட்கார்ந்து உங்கள் கணக்கில் தேநீர் குடித்தால் எப்படியிருக்கும்? நமது கணினிகளில் தினமும் நடப்பது அதுதான். இலவசமாகக் கிடைத்த மென்பொருளை 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று வாசிக்காமல் அழுத்தி நிறுவும்போது, அதோடு சேர்ந்து இன்னும் இரண்டு மூன்று உள்ளே வந்துவிடும்.

அவர்களை அடையாளம் காண, கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். 'டாஸ்க் மெனேஜர்' திறக்கும். சி.பி.யு., மெமரி, டிஸ்க், நெட்வேர்க் என்று நான்கு நிரல்கள் தெரியும். ஒரு நிரலின் தலைப்பில் அழுத்தினால் அதை அதிகம் விழுங்குபவர் மேலே வருவார். எனது கணினியில் டிஸ்க் நிரல் 100 வீதத்தில் நின்றது. மேலே இருந்தது அந்த டொரண்ட் புரோகிராம். அதற்குக் கீழே வைரஸ் தடுப்பு மென்பொருள் இரண்டு. ஒன்றையொன்று சந்தேகித்து இரண்டும் ஒரே கோப்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தன.

தேவையற்றதைத் தெரிவுசெய்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் அது நிற்கும். ஆனால் நாளைக்குக் கணினியைத் திறந்ததும் மறுபடி வந்துவிடும். வராமல் செய்ய, அதே டாஸ்க் மெனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதிக்குப் போங்கள். கணினியோடு சேர்ந்து எழும்பும் புரோகிராம்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. தேவையில்லாதவற்றை 'டிசேபிள்' செய்யுங்கள். இதனால் அந்த மென்பொருள் அழியாது, தானாகத் தொடங்காது, அவ்வளவுதான். பிழையாகிவிட்டால் மீண்டும் 'எனேபிள்' கொடுக்கலாம். அறவே தேவையில்லை என்றால் செட்டிங்ஸில் உள்ள மென்பொருள் பட்டியலுக்குப் போய் முறையாக நீக்கிவிடுங்கள். கோப்புறையைத் தேடிப் பிடித்து டிலீட் பொத்தானால் அழிப்பது முறையல்ல.

எதைத் தொடக்கூடாது?

இங்கேதான் அவசரப்பட்டு நட்டப்படுகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடைக்காரர், கணினி வேகமாகட்டும் என்று பெயர் விளங்காத எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். அடுத்த நாள் பில் போடும் மென்பொருள் திறக்கவில்லை. அவர் நிறுத்தியவற்றில் ஒன்று, அந்த மென்பொருளின் தரவுகளைக் காத்து நிற்கும் எஸ்.க்யூ.எல். சேர்வர். ஒரு காலைப் பொழுது முழுக்கக் கையால் பில் எழுதினார்.

ஆகவே, பெயர் விளங்கவில்லை என்பதற்காக ஒன்றை நிறுத்தாதீர்கள். 'சேர்விஸ் ஹோஸ்ட்' என்று பத்துப் பதினைந்து வரிகள் தெரியும். பயப்பட வேண்டாம், அவை விண்டோஸின் சொந்த வேலையாட்கள். 'எண்டிமல்வெயார் சேர்விஸ்' என்பது விண்டோஸின் வைரஸ் காவலாளி. 'சிஸ்டம் ஐடில்' என்ற பெயருக்கு நேரே 95 வீதம் என்று இருந்தால் கணினி களைத்துவிட்டது என்று அர்த்தமல்ல, 95 வீதம் சும்மா இருக்கிறது என்று அர்த்தம்.

சந்தேகமான பெயர் ஒன்றைக் கண்டால் அதன்மீது வலது பொத்தானை அழுத்தி, அந்தக் கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். விண்டோஸுக்குச் சொந்தமானவை பொதுவாக விண்டோஸ் கோப்புறைக்குள்ளே 'சிஸ்டம் 32' என்ற இடத்தில் இருக்கும். விண்டோஸின் பெயரைச் சூடிக்கொண்டு டவுன்லோட் கோப்புறையிலோ தற்காலிகக் கோப்புறையிலோ உட்கார்ந்திருப்பவர் திருடனாக இருக்க இடமுண்டு. அப்போது நிறுத்தினால் மட்டும் போதாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள 'ஒஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி அணைந்து மீண்டும் எழும்பி, விண்டோஸ் முழுமையாகத் தொடங்குமுன்பே சோதனை செய்யும். சுமார் 15 நிமிடம் எடுக்கும். பெரும்பாலும் இத்தகையவை களவாக உடைத்த மென்பொருட்களோடுதான் வருகின்றன. கணக்கு மென்பொருளைக் களவாகப் போட்டு, அதில் நேர்மையாகக் கணக்கு எழுத நினைப்பது எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

'உங்கள் கணினியை மூன்று மடங்கு வேகமாக்குகிறோம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருட்களையும் தவிர்ந்துகொள்ளுங்கள். ஒன்பது பேரை விரட்ட வந்த பத்தாவது ஆள் அவர். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டன என்பதையும், இன்னும் அதைப் பாவிக்கும் கடைக்காரர்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

பிரதி எங்கே இருக்க வேண்டும்?

'எனது கணக்கெல்லாம் கூகுள் டிரைவில் தானாக ஏறுகிறது, எனக்குப் பயமில்லை' என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் பின்னணியில் ஓடும் ஒரு வேலையாள்தான், நல்ல வேலையாள். ஆனால் அவன் சொன்னதைச் செய்பவன். கடையில் கோப்பை அழித்தால் அங்கேயும் அழித்துவிடுவான். 30 நாட்களுக்குள் கவனித்தால் தப்பினீர்கள். தவணைக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பவர் என்ன செய்வார்?

ஆகவே தனியாக ஒரு பிரதி வேண்டும். அதுவும் கணினியில் எந்நேரமும் குத்தியிருக்காத பிரதி. கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரன்சம்வெயார் வைரஸ் வந்தால், குத்தியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். 2023 ஓகஸ்ட் மாதம் நமது நாட்டின் அரசாங்க முகில் கணினி வலையமைப்புக்கே இது நடந்தது. அரச மின்னஞ்சல்களைப் பாவித்த அலுவலகங்கள் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தமது மின்னஞ்சல்களை இழந்தன. அந்தக் காலத்துக்கான பிரதி தனியாக வைக்கப்பட்டிருக்கவில்லை என்பதே காரணம். அரசாங்கத்துக்கே இந்த நிலையென்றால், நாம் எம்மாத்திரம்?

டோய் ஸ்டோரி கதைக்கு வருவோம். பிக்ஸார் நிறுவனத்தினர் தமது பிரதிகளை எடுத்துப் பார்த்தபோது அவையும் பழுதாகியிருந்தன. பிரதி எடுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சரியாக எடுக்கிறதா என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது ஒரு பெண் ஊழியரின் வீட்டில் இருந்த கணினி. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்த அவர், படத்தின் பிரதியை அங்கே வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையால் சுற்றிக் காரின் பின் ஆசனத்தில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். 1999இல் படம் வெளிவந்தது.

இதிலிருந்து எடுத்துக்கொண்ட வழக்கத்தை நான் இன்றும் கடைப்பிடிக்கிறேன். வியாழன் இரவு கடையை மூடுமுன் கணக்குக் கோப்புறையை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். இரண்டு டிஸ்க்குகளை வாரம் மாறி வாரம் பாவிக்கிறேன். கோப்புறையின் பெயரில் திகதியைப் போடுகிறேன். மாதம் ஒருமுறை வீட்டுக் கணினியில் அந்தப் பிரதியைத் திறந்து, ஐந்து பேரின் நிலுவையைக் கடைக் கணக்கோடு ஒப்பிடுகிறேன். திறந்து பார்க்காத பிரதி பிரதியல்ல. 'பழையது' என்று எந்தக் கோப்புறைக்கும் பெயர் வைப்பதில்லை.

அந்த 38 இலட்சம் என்னவானது?

கணினி திருத்தும் தம்பி இரண்டு நாள் முயன்றார். கடன் கணக்குக் கோப்பு கிடைத்தது, ஆனால் திறக்கவில்லை. அதன் நடுப்பகுதியின் மேல் வேறொன்று எழுதப்பட்டிருந்தது. நல்ல காலமாக, பெப்ரவரி மாதத்தில் எடுத்த ஒரு பழைய பிரதி வேறிடத்தில் கிடந்து மீண்டது. நான்கு மாதக் கொடுக்கல் வாங்கல் மட்டும் இல்லை. காபன் போட்ட பில் கொப்பிகளை எடுத்து, நானும் மருமகனும் பெருநாள் முடிந்து ஒன்பது இரவுகள் இருந்து ஒவ்வொன்றாக ஏற்றினோம். பில் இல்லாமல் வாய்ப்பேச்சில் கொடுத்தவைதான் மிஞ்சின.

அவற்றுக்கு ஆட்களைத்தான் கேட்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் எனக்கு இருந்த பயம் பணம் போகும் என்பது மட்டுமல்ல. கட்டிமுடித்த ஒருவரிடம் இன்னும் தர வேண்டும் என்று கேட்டுவிடுவேனோ, இல்லாத கடனை ஒரு மனிதர் மீது சுமத்திவிடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கணக்கு என்பது நமது சொத்து மட்டுமல்ல, அடுத்தவரின் மானமும் அதில் எழுதப்பட்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பலர் உள்ளதைச் சொன்னார்கள். சிலர் மறந்துவிட்டோம் என்றார்கள். அவர்களோடு நான் வாதிடவில்லை, வாதிட என்னிடம் எழுத்து இல்லை. சுமார் ஒன்றரை இலட்சம் ரூபா அப்படிப் போனது.

ஒருநாள் வயதான மேசன் ஒருவர் கடைக்கு வந்தார். எங்களோடு நீண்ட காலக் கொடுக்கல் வாங்கல் உள்ளவர். நான் கேட்கவேயில்லை.

"முதலாளி, கணக்கு அழிஞ்சிட்டுதாம் எண்டு கேள்விப்பட்டன். என்ட பேருல எவ்வளவு இருக்கு?"

"42,000 இருக்கு."

"அதுல நோன்புக்கு முந்தி எடுத்த பத்து மூடை சீமெந்து இருக்கா?"

பார்த்தேன். இல்லை.

"அப்ப அதையும் எழுதுங்க" என்றார். நான் எழுதி முடிக்கும்வரை மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். "இப்ப கொப்பி எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பிரதி எடுத்து வைக்கச் சொன்னார். கணினியை இயக்கத் தெரியாத மனிதர் அவர். வியாழன் இரவுகளில் டிஸ்க்கைக் கழற்றும்போது எனக்கு அவருடைய ஞாபகம்தான் வரும். எல்லோரும் அவரைப் போல வந்து நிற்பார்கள் என்று நம்பி வியாபாரம் செய்ய முடியாது. அவரைப் போன்றவருக்கு நாம் பிழையான கணக்குக் காட்டவும் கூடாது. இந்த வாரம் கடையை மூடுமுன் பத்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் கடன் கணக்கின் பிரதி ஒன்றை எடுத்து, வீட்டில் திறந்து பாருங்கள்.